வலைவழங்கி மென்பொருளிற் பாதுகாப்புக் குறைபாடுகள்: ஒரு வரலாற்று நோக்கு (1993 – 2021)

தோற்றுவாய்

கருவிகளின் வரலாறு எழுதப்படும்போது அவற்றின் ஆக்கமும் பரவலுமே முதன்மை பெறுகின்றன. அவை பழுதுற்ற வரலாறு பெரும்பாலும் பின்னிணைப்பாகவே அமைந்துவிடுகின்றது. ஆயினும், ஒரு கருவிக்கும் அதனை ஆளும் சமுதாயத்துக்குமிடையிலான உறவு அதன் பழுதுகளிலேதான் தெளிவாகப் புலப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கொதிகலன்கள் வெடித்தமையே அவற்றைப் பரிசோதிப்பதற்கான சட்டங்கள் தோன்றக் காரணமாயிற்று. கொதிகலனின் வெடிப்பை யாவரும் கண்டனர். மென்பொருளின் பழுதோ கண்ணுக்குப் புலனாகாதது. பல வேளைகளிற் பாதிக்கப்பட்டவரே அதனை அறியாதிருப்பர். எனவே, அதன் வரலாறு தனிக்கவனத்துக்குரியதாகின்றது.

உலாவியின் ஊடாக ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, எங்கோ ஓரிடத்திலுள்ள கணனி அக்கோரிக்கையைப் பெற்று விடையளிக்கின்றது. அவ்வாறு விடையளிக்கும் மென்பொருளே வலைவழங்கி எனப்படும். ஆயத்தமாகவுள்ள பக்கத்தை எடுத்து வழங்குவதோடு நில்லாது, கோரிக்கைக்கேற்பச் செய்நிரல்களை இயக்கி, தரவுத்தளங்களை நாடி, விடையைப் புதிதாக ஆக்கித் தரும் மென்பொருள் பிரயோக வழங்கி எனப்படும். வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், புகையிரத ஆசனத்தைப் பதிவு செய்வதும், பரீட்சைப் பெறுபேற்றை அறிவதும் இன்று இத்தகைய வழங்கிகளினூடாகவே நடைபெறுகின்றன.

இம்மென்பொருட்களில் 1993ஆம் ஆண்டு முதலாக வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகள் எண்ணிறந்தன. அவற்றுட் காலத்தாற் பிரிந்து நிற்கும் சிலவற்றை எடுத்து, அவை தனித்தனி விபத்துக்களா, அன்றி ஒரு பொதுக் காரணத்தின் வெளிப்பாடுகளா என ஆராய்வதும், காரணம் அறியப்பட்ட பின்னரும் அவை ஏன் தொடர்ந்தன என்பதை நோக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவும் அறிவுறுத்தலும்

இவ்வரலாற்றின் வேர் வலையின் தோற்றத்துக்கு வெகுகாலம் முற்பட்டது. 1945ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யோன் வொன் நொய்மன் என்னும் கணித அறிஞரின் பெயரில் ஓர் அறிக்கை வரைவு சுற்றுக்கு விடப்பட்டது. எட்வாக் என்னும் கணனியின் அமைப்பு பற்றிய அவ்வரைவில், கணனி செய்யவேண்டிய வேலையைக் கூறும் அறிவுறுத்தல்களும், அவ்வேலைக்குரிய எண்களும் ஒரே நினைவகத்தில் வைக்கப்படலாம் என்ற கருத்து இடம்பெற்றது. இக்கருத்து அவருக்கு மட்டுமன்றி எக்கேர்ட், மோச்லி முதலியோருக்கும் உரியது என்னும் வாதம் இருப்பினும், பின்வந்த கணனிகள் பெரும்பாலும் இம்மரபையே பின்பற்றின என்பதில் ஐயமில்லை. ஒரே கணனியைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்த முடிந்தமைக்கு இதுவே அடிப்படையாயிற்று.

ஆயின், இவ்வசதிக்குள்ளே ஓர் இடரும் அடங்கியிருந்தது. நினைவகத்தில் இருப்பது தரவா, அறிவுறுத்தலா என்பதை அதன் உருவைக் கொண்டு பிரித்தறிய முடியாது. அதனைக் கணனி எவ்வாறு கையாளுகின்றது என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது. அலுவலகமொன்றுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் கோவைப்படுத்தும் எழுதுவினைஞர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். கடிதத்தில் “இவ்வலுவலகத்தின் பெட்டகத்தைத் திறந்து பணத்தை அனுப்புக” என ஒருவர் எழுதியிருப்பின், அவ்வெழுதுவினைஞர் அதனையும் ஒரு கடிதமாகவே கோவையில் இடுவார். கடிதத்தில் உள்ளவற்றை மேலதிகாரியின் கட்டளை எனக் கருதி நிறைவேற்றத் தொடங்குவாராயின் அவ்வலுவலகத்தின் கதி யாதாகும்? வழங்கி மென்பொருட்களின் குறைபாடுகளிற் பெரும்பகுதி இவ்வகையினவே. வெளியாரிடமிருந்து வந்த தரவு, உள்ளே ஏதோவொரு கட்டத்திற் கட்டளையாக மாறிவிடுகின்றது.

வலை பரவுவதற்கு முன்னரே இவ்விடர் உலகறிய வெளிப்பட்டிருந்தது. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி ரொபேட் மொரிஸ் என்னும் பட்டப்பின்படிப்பு மாணவர் விடுத்த செய்நிரலொன்று, அன்றைய இணையத்திலிருந்த கணனிகளில் ஆயிரக்கணக்கானவற்றைப் பாதித்தது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று, பயனாளரைப் பற்றிய விபரம் தரும் ஒரு சேவைக்கு அது எதிர்பார்த்ததிலும் நீண்ட சொற்றொடரை அனுப்புவதாகும். 512 எழுத்துக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அதனினும் மிகுதியானவை வந்து விழுந்தபோது, மிகுந்தவை அயலிலிருந்த அறிவுறுத்தற் குறிப்புக்களின்மேற் படிந்தன. அனுப்பியவரின் எழுத்துக்களே கணனி இயற்றும் அறிவுறுத்தல்களாயின. இந்நிகழ்ச்சியின் விளைவாகவே காணகி மெலன் பல்கலைக்கழகத்திற் கணனி அவசர நிலைகளைக் கவனிக்கும் சேட் என்னும் நிலையம் நிறுவப்பட்டது. ஆகவே, வலைவழங்கி மென்பொருள் எழுதப்பட்ட காலத்தில் இவ்விடர் அறியப்படாததாக இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆய்வுகூடத்திலிருந்து உலகுக்கு: 1993 – 1998

ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு முன்மொழிந்த வலையின் முதல் வழங்கி, 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி சேர்ன் அம்மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. அதே காலப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் ரொப் மக்கூல் எழுதிய வழங்கி, பெரும் பயன்பாட்டைப் பெற்றது. பௌதிகவியலாளரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் தமக்குள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்கென உருவான சூழலில் இவை எழுந்தன. கோரிக்கை விடுப்போர் சகபாடிகளே என்னும் நம்பிக்கை இவற்றின் ஆக்கத்தில் ஊறியிருந்தது.

அந்நம்பிக்கை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் என்.சி.எஸ்.ஏ. வழங்கியின் 1.3 பதிப்பில், அளவுக்கு மீறி நீண்ட கோரிக்கையொன்றால் வழங்கியைத் தன்வயப்படுத்த முடியும் என வெளிப்படுத்தப்பட்டது. சேட் நிலையம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. 1988ஆம் ஆண்டின் குறைபாடே புதிய மென்பொருளில் மீண்டும் தோன்றியிருந்தது. இதற்கிடையில் மக்கூல் அந்நிலையத்தைவிட்டு விலகியிருந்தமையால் அவ்வழங்கியின் வளர்ச்சி தளர்வுற்றது. ஆங்காங்கு அதனைப் பயன்படுத்தியோர் தத்தம் தேவைக்கெனச் செய்துகொண்ட திருத்தங்களைத் தொகுத்து, 1995ஆம் ஆண்டில் அப்பாச்சி என்னும் வழங்கியை வெளியிட்டனர். ஓராண்டு கழிவதற்குள், நெற்கிராவ்ற் நிறுவனத்தின் கணிப்பின்படி, உலகில் மிகுதியாகப் பயன்படும் வலைவழங்கி என்ற இடத்தை அது பெற்றது. திருத்தங்களாலேயே பிறந்த மென்பொருளொன்று வலையின் அடித்தளமாயிற்று என்பது இவ்வரலாற்றின் போக்கை உணர்த்தும் ஒரு செய்தியாகும்.

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த மற்றொரு எச்சரிக்கை இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. என்.சி.எஸ்.ஏ., அப்பாச்சி ஆகிய இரு வழங்கிகளோடும் மாதிரிச் செய்நிரல்கள் சில சேர்த்து வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பி.எச்.எவ். என்பது. தொலைபேசி விபரக்கொத்தொன்றிற் பெயரைத் தேடுவதற்குரிய படிவமாக அது அமைந்தது. வருகைதருபவர் எழுதும் பெயரை அது யுனிக்ஸ் இயங்குதளத்துக்குரிய கட்டளை வரியொன்றிற் சேர்த்து இயக்கியது. பெயரோடு வேறு கட்டளைகள் நுழைந்துவிடலாம் என்பதை அதனை எழுதியோர் அறிந்தே இருந்தனர். அத்தகைய குறிகளைச் செயலிழக்கச் செய்யும் வடிகட்டியொன்றையும் அமைத்திருந்தனர். ஆயின், புதிய வரியைத் தொடங்கும் குறி அவ்வடிகட்டியில் விடுபட்டுப்போயிற்று. பெயரை எழுதி, அடுத்த வரியில் ஒரு கட்டளையை எழுதியவருக்கு வழங்கி அக்கட்டளையை நிறைவேற்றிக் கொடுத்தது. கணனியின் பயனாளர் பட்டியலைக் கொண்ட கோப்பு இவ்வாறு பலவிடங்களிற் கவரப்பட்டது.

இங்கு இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, தீயனவற்றைப் பட்டியலிட்டு விலக்கும் முறை, பட்டியலில் ஒன்று விடுபட்டாலும் பயனற்றதாகிவிடும் என்பது. மற்றையது, தொலைபேசி விபரக்கொத்தை வலையில் வைக்கும் எண்ணமே இல்லாத நிறுவனங்களிலும் அச்செய்நிரல் இருந்தது என்பது. மாதிரிக்கென வைக்கப்பட்டது யாராலும் அகற்றப்படாமையால், கேளாத வசதியே கேடாயிற்று. இவ்விரண்டாவது உண்மை பின்னைய நிகழ்ச்சிகளிலும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

1998ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பிராக் என்னும் மின்னிதழில் வெளிவந்த கட்டுரையொன்று, இதே தவறு தரவுத்தளங்களை நாடும் வழங்கிகளிலும் இருப்பதைக் காட்டியது. படிவத்தில் எழுதப்படும் சொல், தரவுத்தளத்துக்கு அனுப்பப்படும் வினாவுடன் நேரடியாக ஒட்டப்படுமாயின், எழுதுபவர் அவ்வினாவையே மாற்றியமைத்துவிடலாம். வினாவையும் விடயத்தையும் வேறாக அனுப்பும் முறை இதற்குத் தக்க பரிகாரமாகும். இது வடிகட்டும் முறையன்று. தரவு கட்டளையாகும் வாய்ப்பையே அறுப்பதாகும். எனினும், பரிகாரம் எளிதாக இருந்தும் இத்தவறு பின்னைய பல ஆண்டுகளிலும் நின்று நிலவியது.

2001ஆம் ஆண்டு: புழுக்களின் காலம்

1990களின் பிற்கூற்றில் வலை வணிகத்தின் களமாயிற்று. மென்பொருட் கம்பனிகள் தம் உற்பத்திகளில் எத்துணை வசதிகள் உள்ளன என்பதைக் காட்டிப் போட்டியிட்டன. மைக்ரோசொப்ற் கம்பனியின் ஐ.ஐ.எஸ். வழங்கி இதற்குத் தக்க உதாரணமாகும். வின்டோஸ் 2000 வழங்கிப் பதிப்புக்களோடு அதுவும், அதனோடு கோப்புக்களைத் தேடித்தரும் துணைச் செய்நிரலொன்றும் சேர்ந்தே நிறுவப்பட்டன. அத்துணைச் செய்நிரலில் ஒதுக்கிய இடத்தை மீறும் பழைய வகைக் குறைபாடு இருந்தது. ஈ-ஐ என்னும் நிறுவனம் அதனைக் கண்டறிந்து அறிவிக்க, மைக்ரோசொப்ற் 2001ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி அதற்குரிய திருத்தத்தை வெளியிட்டது.

திருத்தம் வெளிவந்து ஒரு மாதத்துக்குள் கோட் ரெட் எனப் பெயர்பெற்ற புழு தோன்றியது. அக்காலத்து வழங்கிகளின் பதிவேடுகளில் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து இருநூறு தடவைக்கு மேல் நிரையாக எழுதப்பட்ட விநோதமான கோரிக்கைகள் காணப்பட்டன. அந்நிரை ஒதுக்கிய இடத்தை நிரப்பப் பயன்பட்டது. அதன்பின் வந்தவையே கணனியைக் கைப்பற்றிய அறிவுறுத்தல்களாம். யூலை 19ஆந் திகதி, பதினான்கு மணித்தியாலத்துக்குட்பட்ட காலத்தில் 359,000க்கு மேற்பட்ட கணனிகளை அது தொற்றியதாகக் கலிபோணியாவிலுள்ள காய்டா ஆய்வு நிலையம் கணித்தது. தொற்றிய கணனிகள் அனைத்தும் ஒருங்கே வெள்ளை மாளிகையின் வலைத்தள முகவரியைத் தாக்குமாறு அது எழுதப்பட்டிருந்தது. அம்முகவரியை மாற்றியமைத்ததன் மூலம் அத்தாக்குதல் தவிர்க்கப்பட்டது.

திருத்தம் வெளிவந்து 31 நாட்கள் கழிந்த பின்னரும் இத்தனை கணனிகள் திருத்தப்படாதிருந்தமை எதனால்? அவற்றுட் பல வீடுகளிலும் சிறு வணிக நிலையங்களிலும் இருந்தவை. தம் கணனியில் வலைவழங்கியொன்று இயங்குகின்றது என்பதையே அவற்றின் சொந்தக்காரருட் பலர் அறியார். அறியாத பொருளை எவ்வாறு திருத்துவது? பி.எச்.எவ். நிகழ்ச்சியிற் சிறிய அளவிற் கண்ட உண்மை இங்கே உலகளாவிய அளவிற் புலப்பட்டது.

அதே ஆண்டு செப்ரெம்பர் 18ஆந் திகதி வெளிப்பட்ட நிம்டா என்னும் புழு பல வழிகளாற் பரவியது. அவற்றுள் ஒன்று, ஐ.ஐ.எஸ். வழங்கியில் 2000ஆம் ஆண்டிலேயே திருத்தம் வெளியிடப்பட்ட ஒரு குறைபாடாகும். கோப்புறை எல்லையைத் தாண்டும் குறிகளை வழங்கி தடுத்தது உண்மையே. ஆயின், அதே குறியை வேறு எழுத்துருக் குறியீட்டில் எழுதியபோது அது இனங்காணத் தவறியது. வாயிற்காவலர் ஆளின் முகத்தைப் பாராது உடையை மட்டும் பார்த்து உள்ளே விட்டமை போன்றது இது.

இந்நிகழ்ச்சிகளின் விளைவாக ஒரு மாற்றம் ஏற்பட்டது. 2002ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி பில் கேற்ஸ் தம் ஊழியருக்கு விடுத்த சுற்றறிக்கையில், புதிய வசதியைச் சேர்ப்பதா, பாதுகாப்பைப் பேணுவதா என்ற தெரிவு எழும்போது பாதுகாப்பையே தெரிய வேண்டும் என வற்புறுத்தினார். 2003ஆம் ஆண்டின் வின்டோஸ் வழங்கிப் பதிப்பில் ஐ.ஐ.எஸ். தானாக நிறுவப்படவில்லை; வேண்டியவரே அதனை நிறுவவேண்டியிருந்தது. கேட்டாலன்றி வசதி தரலாகாது என்னும் கோட்பாடு இவ்வாறு நடைமுறைக்கு வந்தது. 1999ஆம் ஆண்டில் மைற்றர் நிறுவனம் தொடக்கிய பொதுக் குறைபாட்டுப் பட்டியலும், 2001ஆம் ஆண்டில் உருவான ஓவாஸ்ப் அமைப்பும் இத்துறைக்கு ஒழுங்கான அறிவுத் தொகுதியொன்றை அளித்தன. ஆகவே, 2003ஆம் ஆண்டளவில் நோயின் காரணமும் பரிகாரமும் அறியப்பட்டுவிட்டன எனக் கொள்வது பிழையாகாது.

அடுக்குகள் பெருகியமை

எனினும், நோய் தீரவில்லை. இதற்குரிய காரணத்தை மென்பொருள் ஆக்கப்படும் முறையில் ஏற்பட்ட மாற்றத்திலே தேடவேண்டும். 2000ஆம் ஆண்டுகளிற் பெருநிறுவனங்கள் ஜாவா மொழியில் அமைந்த பிரயோக வழங்கிகளை நாடின. வெப்லொஜிக், வெப்ஸ்பியர், ஜேபொஸ், ரொம்காற் முதலியன அவற்றுட் சில. அம்மொழியில் ஒதுக்கிய இடத்தை மீறும் பழைய குறைபாடு இயல்பாகவே தடுக்கப்பட்டிருந்தமையால், அது பாதுகாப்பானதெனக் கருதப்பட்டது. ஆயின், ஒரு பிரயோகத்தை எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான சிறு மென்பொருட் தொகுதிகளை அடுக்கடுக்காகச் சேர்த்தே பிரயோகம் ஆக்கப்படுகின்றது. அத்தொகுதிகள் மேலும் பிற தொகுதிகளில் தங்கியுள்ளன. தன் வழங்கிக்குள் என்ன இருக்கின்றது என்பதை முற்றாக அறிந்தவர் எவருமிலர் என்னும் நிலை உருவாயிற்று.

இதன் இடர் 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஜாவாவிற் பொருளொன்றை எழுத்துத் தொடராக மாற்றி அனுப்பி, மறுமுனையில் அதனை மீண்டும் பொருளாக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு மீளாக்கும் வேளையிலேயே அனுப்பியவர் விரும்பிய கட்டளையை இயக்கச் செய்யலாம் என்பதை, கிறிஸ் புரோகொவ், கேபிரியல் லோறன்ஸ் ஆகிய இருவரும் அவ்வாண்டு ஜனவரியில் எடுத்துக்காட்டினர். கொமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்னும் பரவலான தொகுதியின் உதவியால் அது கைகூடியது. அப்போது எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நவம்பர் மாதத்தில் வெப்லொஜிக், வெப்ஸ்பியர், ஜேபொஸ் முதலியவற்றை இவ்வழியாற் கைப்பற்றும் முறை வெளிப்படையாகக் காட்டப்பட்ட பின்னரே பரபரப்பு எழுந்தது. அறிவு கிடைத்தமைக்கும் அறிவு கருத்திற் கொள்ளப்பட்டமைக்கும் இடையே ஏறத்தாழப் பத்து மாதங்கள் கழிந்திருந்தன.

ஈக்குவிபக்ஸ்: 2017

இவ்விடைவெளியின் சமூக விளைவை 2017ஆம் ஆண்டின் ஈக்குவிபக்ஸ் நிகழ்ச்சியைப்போல் விளக்குவது வேறொன்றில்லை. ஈக்குவிபக்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவில் தனிமனிதரின் கடன் விபரங்களைத் திரட்டிப் பேணும் கம்பனியாகும். கடன்பெற நாடுவோரின் தகுதியை வங்கிகள் இத்தகைய கம்பனிகளிடமே கேட்டறிகின்றன. தமது பதிவிற் பிழை கண்டோர் முறையிடுவதற்கென அக்கம்பனி வைத்திருந்த வலைத்தளம், அப்பாச்சி ஸ்ரட்ஸ் என்னும் தொகுதியைக் கொண்டு இயங்கியது.

கோரிக்கையோடு வரும் உள்ளடக்கம் எவ்வகையினது என்பதைக் கூறும் தலைப்பு வரியொன்று உண்டு. அவ்வரி பிழையாக அமைந்திருப்பின், ஸ்ரட்ஸ் ஒரு பிழைச்செய்தியை ஆக்கும். பிழையான வரியையும் அச்செய்தியிற் சேர்த்துக்கொள்ளும். அவ்வாறு ஆக்கிய செய்தியை, உள்ளே பயன்பட்ட ஒரு சிறு மொழியின் வாக்கியமாகக் கருதி அது பொருள்கண்டது. எனவே, தலைப்பு வரியிற் கட்டளையை எழுதி அனுப்பியவரின் கட்டளை நிறைவேறியது. ‘உன் கூற்றுப் பிழையானது’ என அறிவிக்க முற்பட்ட இடத்திலேயே அக்கூற்றுக்கு வழங்கி கீழ்ப்படிந்துவிட்டது.

2017ஆம் ஆண்டு மார்ச் 7ஆந் திகதி அதற்குரிய திருத்தம் வெளிவந்தது. மறுநாளே அரச எச்சரிக்கை ஈக்குவிபக்ஸ் கம்பனிக்குக் கிடைத்தது. 9ஆந் திகதி, 48 மணித்தியாலத்துக்குள் திருத்தத்தை இடுமாறு நானூறுக்கு மேற்பட்ட ஊழியருக்கு உள்ளக அறிவித்தல் அனுப்பப்பட்டது. ஆயின், முறைப்பாட்டுத் தளத்தில் ஸ்ரட்ஸ் பயன்படுவதை அறிந்த மென்பொருளாளரின் பெயர் அப்பட்டியலில் இருக்கவில்லை. குறைபாட்டைத் தேடி 15ஆந் திகதி நடத்தப்பட்ட சோதனையும் அதனைக் கண்டறியவில்லை. மே 13ஆந் திகதி, அதாவது திருத்தம் வெளிவந்து 67 நாட்களின் பின்னர், ஊடுருவல் தொடங்கியது. மறைகுறியாக்கம் செய்யப்படாது கோப்பொன்றில் இருந்த கடவுச்சொற்களைக் கொண்டு, ஊடுருவியோர் அத்தளத்தோடு தொடர்பற்ற 48 தரவுத்தளங்களை அடைந்தனர். போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் மின்சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்னரே காலாவதியாகியிருந்தமையால் அக்கருவி எதனையும் காணவில்லை. யூலை 29ஆந் திகதி சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டபோதுதான் களவு தெரியவந்தது. ஏறத்தாழ 76 நாட்கள் அது தடையின்றி நடைபெற்றிருந்தது. செப்ரெம்பர் 7ஆந் திகதி பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் முதலாயின பறிபோன மக்கள் தொகை ஏறத்தாழ 147 மில்லியன் எனப் பின்னர் உறுதியாயிற்று.

அவ்வாண்டு ஒக்ரோபரிற் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்த முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி, அறிவித்தலை உரியவருக்குச் சேர்ப்பிக்கத் தவறிய ஓர் ஊழியரின் தவறையும், கண்டறியத் தவறிய கருவியையும் காரணங்களாகக் காட்டினார். 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த காங்கிரஸ் குழுவின் அறிக்கையோ, இந்நிகழ்ச்சி முற்றாகத் தவிர்த்திருக்கக்கூடியது என முடிவு செய்ததோடு, கம்பனியின் பொறுப்பமைப்பிலும் பழைமையான கணனித் தொகுதிகளிலும் இருந்த குறைகளை எடுத்துக்கூறியது. இவ்விரு விளக்கங்களுள் இரண்டாவதே ஏற்புடையது. ஒரு தனி ஊழியரின் மறதியால் 147 மில்லியன் மக்களின் விபரம் பறிபோகும் வகையில் ஓர் அமைப்பு இருக்குமாயின், ஆராயப்படவேண்டியது அம்மறதியிலும் அவ்வமைப்பேயாகும்.

மேலும், பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலார் அக்கம்பனியின் வாடிக்கையாளர் அல்லர். வங்கிகளே அதன் வாடிக்கையாளர். மக்களின் விபரம் அவர்களைக் கேளாமலே திரட்டப்பட்டிருந்தது. அதனைக் காக்கும் முறையைத் தெரிவு செய்யும் வாய்ப்பும், கம்பனியை விட்டு விலகும் வாய்ப்பும் அவர்களுக்கு இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டு யூலையிற் குறைந்தது 575 மில்லியன் டொலர் செலுத்தக் கம்பனி உடன்பட்டது. 2020ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர்மீது ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது. கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த திகதியை எவராலும் மாற்ற முடியாது. எனவே, இழப்பீடு வழங்கப்பட்டபோதும் இழப்பு நீங்கவில்லை.

லொக்போர்ஜே: 2021

கணனியில் நடைபெறும் நிகழ்ச்சிகளைப் பதிவேட்டில் எழுதுவது ஆபத்தற்ற பணியெனவே எவரும் எண்ணுவர். ஜாவாப் பிரயோகங்களில் இப்பணிக்கெனப் பெரிதும் பயன்படுவது லொக்போர்ஜே என்னும் தொகுதியாகும். 2013ஆம் ஆண்டில் அதிற் புதிய வசதியொன்று சேர்க்கப்பட்டது. பதிவேட்டில் எழுதப்படும் வாசகத்திற் குறித்த வடிவிலான சொற்றொடர் இருப்பின், அது சுட்டும் இடத்தை நாடி அங்குள்ளதைப் பெற்றுவரும் வசதியே அது. சுட்டப்படும் இடம் தாக்குபவரின் கணனியாக இருப்பின், அங்கிருந்து வரும் செய்நிரலையும் வழங்கி இயக்கிவிடும். பின்னாளில் அதனைப் பேணியோர் விரும்பாதபோதும், பழைய பயன்பாடுகள் தடைப்படலாகாதென்பதற்காக அவ்வசதி நீடித்தது.

2021ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி, அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த சென் சாவோயுன் இக்குறைபாட்டை அப்பாச்சி அமைப்புக்கு அறிவித்தார். டிசெம்பர் 9ஆந் திகதி அது உலகறிய வெளிப்பட்டது. மைன்கிராவ்ற் என்னும் கணனி விளையாட்டின் உரையாடற் பெட்டியில் ஒரு வரியை எழுதுவதே வழங்கியைக் கைப்பற்றப் போதுமானதாயிருந்தது. குறைபாடுகளின் கடுமையை அளக்கும் அளவுகோலில் இதற்குப் பத்துக்குப் பத்து வழங்கப்பட்டது. முதலில் வந்த திருத்தம் போதாமையால் அம்மாதத்திலேயே மேலும் திருத்தங்கள் வெளியிடப்பட்டன. பெல்ஜியத்தின் பாதுகாப்பு அமைச்சும் அம்மாதம் தாக்கத்துக்கு உள்ளாகியது. 2022ஆம் ஆண்டு யூலையில் ஐக்கிய அமெரிக்காவின் மீளாய்வுச் சபையொன்று, திருத்தப்படாத பிரதிகள் பத்தாண்டு காலமோ அதற்கு மேலோ ஆங்காங்கு நிலைத்திருக்கும் எனக் கருத்துத் தெரிவித்தது.

இங்கு நினைவிற் கொள்ளவேண்டியது, அத்தொகுதியைப் பேணியோர் ஒரு சில தொண்டர்களே என்பதாகும். தம் பிழைப்புக்கென வேறு தொழில் செய்து, ஓய்வு நேரத்தில் அவர்கள் இப்பணியை ஆற்றினர். அதனைப் பயன்படுத்திப் பெரும்பொருள் ஈட்டிய கம்பனிகள் எண்ணிறந்தன. குறைபாடு வெளிப்பட்ட நாட்களில் இரவு பகலாக உழைத்துத் திருத்தியவர்களும் அத்தொண்டர்களே. கண்டனத்தைப் பெற்றவர்களும் அவர்களே. பயன் ஒருபாலும் பாரம் ஒருபாலுமாகப் பிரிந்து நின்ற நிலை இது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, 1996ஆம் ஆண்டின் தொலைபேசி விபரக்கொத்துக்கும் 2021ஆம் ஆண்டின் பதிவேட்டுக்குமிடையே கால் நூற்றாண்டு கழிந்தபோதும், நுட்ப நிலையில் அவற்றின் காரணம் ஒன்றே என்பது தெளிவாகின்றது. அந்நியரின் சொல் ஆராயப்படாது கட்டளையாயிற்று. கேளாத வசதியே வாயிலாகப் பயன்பட்டது. இவ்வளவில் அவை தனித்தனி விபத்துக்கள் அல்ல.

ஆயினும், காரணம் ஒன்றாயிருந்தமை மட்டும் அவற்றின் தொடர்ச்சியை விளக்கப் போதாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னரே அவ்வகைத் தவறு அறியப்பட்டிருந்தது. கோட் ரெட், நிம்டா, ஈக்குவிபக்ஸ் ஆகியவற்றிலே திருத்தமும் கையிலிருந்தது. குறைந்திருந்தது அறிவன்று, அறிவைச் செயலாக்கும் பொறுப்பு யாருடையது என்ற வரையறையே குறைந்திருந்தது. மென்பொருளை விற்றவர் அதனைத் திருத்தும் பாரத்தை வாங்கியவர்மீது வைத்தார். வாங்கிய நிறுவனம் அதனைக் கீழ்நிலை ஊழியர்மீது வைத்தது. அடித்தளத் தொகுதிகளின் பாரம் ஊதியமற்ற தொண்டர்மீது விழுந்தது. இறுதியிற் பாதிப்பை ஏற்றவரோ இத்தெரிவுகள் எவற்றிலும் பங்குகொள்ளாத பொதுமக்களாவர்.

அண்மைக்காலத்தில் இந்நிலையை மாற்றும் முயற்சிகள் சில தோன்றியுள்ளன. அரசுக்கு விற்கப்படும் மென்பொருளில் அடங்கிய தொகுதிகளின் பட்டியலைக் கோரும் ஆணையொன்று 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவிற் பிறப்பிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமொன்று, மென்பொருளின் பாதுகாப்பை உற்பத்தியாளரின் சட்டக் கடப்பாடாக்குகின்றது. அதன் முக்கிய விதிகள் 2027ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் ஏற்புடையனவாகும். கொதிகலன் வெடித்தமைக்குத் தீமூட்டியவரை மட்டும் குற்றஞ்சாட்டிய காலம் மாறி, அதனை ஆக்கியவரும் உடைமையாளரும் விடையளிக்கவேண்டிய காலம் வந்தமைக்குப் பல்லாண்டுகள் சென்றன. வழங்கி மென்பொருளின் வரலாறும் அத்தகைய ஒரு திருப்பத்தை அணுகிக்கொண்டிருக்கின்றது. அத்திருப்பம் எத்துணை விரைவில் நிகழும் என்பது, தம்மைப் பற்றிய விபரங்கள் யாரிடம் உள்ளன, அவை எவ்வாறு காக்கப்படுகின்றன என்பவற்றை மக்கள் வினவத் தொடங்குவதிலேயே தங்கியுள்ளது.